தட்டு இல்லாத அச்சு

யாழ்ப்பாணம் குருநகரிலிருந்து புத்தகப் பக்கம் வடிவமைக்கிறேன். வருகிற வேலையில் பெரும்பங்கு ரியூசன் ஆசிரியர்களின் ரியூட் எனப்படும் பாடக்குறிப்பு. மிச்சம் முப்பத்தோராம் நாள் நினைவு மலரும் கவிதைத் தொகுதியும். எதற்கும் ஆயிரம் பிரதி தேவைப்படாது. ஓப்செற்றில் தட்டுப் போட்டு, மை சரிவரும்வரை மெசின் வீணாக்கும் தாளையும் சேர்த்தால், அந்தச் செலவை ஐம்பது பிரதியின் தலையில் கட்ட முடியாது. டிஜிற்றல் அச்சில் தட்டே இல்லை. முதற்பிரதிக்கும் ஐம்பதாவது பிரதிக்கும் ஏறக்குறைய ஒரே செலவு.

ரியூட்டைப் போலப் பிள்ளையைப் பார்த்துப் பாடம் எழுதுவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடம் தொடங்கிய ஆறுமுக நாவலர், அதன்பின் அச்சியந்திரமும் நிறுவி, பாலபாடங்களைப் படிப்படியாக எழுதி வெளியிட்டார். 1980 முதல் அரசு இலவசமாகக் கொடுக்கும் பாடநூலோ நாடு முழுவதற்கும் பொதுவானது. அதற்கும் முன்வாங்கில் இருக்கும் பிள்ளைக்கும் நடுவே ரியூட் வந்து நிற்கிறது. மிதப்பு விசைக்கு வள்ளம், இலாப நட்டத்துக்கு மீன் ஏலம் என்று ஆசிரியர் மாற்றித் தந்தால், அன்று பின்னேரமே பக்கம் தயார்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். ஆசிரியர் வந்து சொல்வார்:

"அண்ணை, ஏழாம் கணக்கிலை விடை பிழை. இனி அடிக்கிறதிலை மாத்தி விடுங்கோ."

மாற்றுவது ஒரு நிமிட வேலை. ஆனால் முந்திய பிரதிகள் பிள்ளைகளின் கையில் இருக்கின்றன. ஒரே வகுப்பில் இரண்டு விடை. நடுவில் ஒரு வரி கூடினால் பக்கமும் தள்ளிப்போகும். "பன்னிரண்டாம் பக்கத்தை எடுங்கோ" என்றால் பாதிப்பேர் வேறு பாடத்தில் நிற்பார்கள். தட்டு செலவு வைத்தது உண்மை; எல்லாருக்கும் ஒரே பக்கத்தைக் கொடுத்ததும் அதுதான். அந்தப் பொறுப்பு இப்போது வடிவமைப்பவருடையது. ஆகவே ஒவ்வொரு அச்சுக்கும் பின்னட்டையில் திகதி போடுகிறேன். திருத்தம் அதே பக்கத்துக்குள் அடங்கும்படி அடியில் இடம் விடுகிறேன். பழைய பிரதி வைத்திருப்பவர்களுக்குத் திருத்தச் சீட்டு அடித்துக் கொடுக்கிறேன்.

கோப்பின் ஆயுளையும் பார்க்க வேண்டும். இங்கே பழைய கோப்புகள் பல பாமினி எழுத்துருவில் உள்ளவை. பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான். தமிழில் தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது. யுனிகோட்டுக்கு மாற்றும்போது விஞ்ஞானப் பாடம்தான் மிகவும் மினக்கெடுத்தும். வசனத்தோடு சேர்ந்து நீரின் இரசாயனச் சூத்திரமும் தமிழெழுத்தாகிவிடும். சூத்திரங்களை முதலில் பிரித்தெடுத்த பின்னரே வசனத்தை மாற்றுகிறேன்.

2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம் ஈழத்து நூல்களோடு நினைவு மலர்களையும் சேர்த்து வைக்கிறது. 1981இல் பொது நூலகம் எரிந்த ஊருக்கு அதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை. ஐம்பது பிரதி அடித்த புத்தகம் ஐம்பது வீட்டோடு முடிந்துவிடக்கூடும். அதனால் பிரதிகளோடு யுனிகோட் கோப்பையும் சேர்த்துக் கொடுத்து, ஒரு பிரதியை அந்த இணைய நூலகத்துக்கு அனுப்பச் சொல்கிறேன். கூலி வாங்குவது பக்கம் செய்வதற்கு. மறுபடி வேலை வருவதோ, கடைசியாகத் திருத்திய கோப்பு எது என்று கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பதால்.