டியூப்லைட்டை அணைங்க பாஸ்!

உங்க செல்போன்ல ஆயிரம் போட்டோ இருக்கும். அதுல ஆளே இல்லாம, உங்க வீடு மட்டும் இருக்கிற போட்டோ எத்தனை? யோசிங்க!

எங்க வீட்டுக்கு அப்படி ஒண்ணு அவசரமா தேவைப்பட்டது. அக்கா கல்யாணமாகிப் போயிட்டா. அவ ரூமை பேயிங் கெஸ்ட்டுக்கு விடலாம்னு அம்மா முடிவு. அந்த வாடகையிலதான் என் செமஸ்டர் ஃபீஸே! போட்டோவைப் பார்த்துதான் ஆள் வரணும்.

நீங்களும் எடுக்கணுமா? முதல்ல ஃப்ளாஷ், டியூப்லைட், பல்பு எல்லாத்தையும் அணைங்க. குண்டு பல்பு 2,700 கெல்வின் மஞ்சள். ஜன்னல் வெளிச்சத்தோட அது கலந்தா சுவருக்கு மஞ்சள் காமாலைதான்! வெயில் நேரா அடிச்சா ஜன்னல்ல வெள்ளை வேட்டியைக் கட்டுங்க. இருட்டு மூலைக்கு எதிரே தெர்மாகோல் ஷீட்டைப் பிடிங்க. வெளிச்சம் பட்டுத் திரும்பும்.

சாதாரண ட்ரிக்னு நினைக்காதீங்க. சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) படத்துக்கு காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவில் செட் போட்டாங்க. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கொளியை அதில் பட்டுத் திரும்பவிட்டு, பகல் வெளிச்சத்தையே கொண்டுவந்தார்!

போனை நெஞ்சு உயரத்துல பிடிங்க. சுவர் சாயாம நேரா நிக்கணும். 0.5 லென்ஸ் வேண்டவே வேண்டாம். பத்துக்குப் பத்து ரூமைக் கல்யாண மண்டபமா காட்டும். நேர்ல வர்றவங்க கடுப்பாயிடுவாங்க.

பக்கெட், வயர், பழைய காலண்டர் எல்லாம் வெளியே. அம்மா ஆசையா பிளாஸ்டிக் பூவைக் கொண்டுவந்தாங்க. "லாட்ஜ் மாதிரி இருக்கும்மா"ன்னு திருப்பி அனுப்பிட்டேன். மடிச்ச போர்வை, தண்ணிச் செம்பு, அக்கா படிச்ச நாலு புத்தகம் போதும். ஒருத்தர் இப்பத்தான் எழுந்து போன மாதிரி இருக்கணும்.

சுவர்ல ஓர் ஈரத் திட்டு. "பீரோவைத் தள்ளி மறைச்சுடுடி"ன்னாங்க அம்மா. நான் மாட்டேன்னுட்டேன். அங்கே படுக்கப்போறது உங்களை, என்னை மாதிரி ஒரு ஸ்டூடண்ட் ஆச்சே! அதையும் தனியா ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன். அம்மா அன்னைக்குப் பூரா பேசலை.

நர்சிங் படிக்கிற ஒரு பொண்ணு வந்தா. "திட்டு மழைக்கு மட்டும்தானே ஆன்ட்டி?"ன்னு கேட்டா. "ஆமாம்மா, பூசித் தர்றேன்"னாங்க அம்மா. அட்வான்ஸ் கைக்கு வந்தது.

போட்டோவைப் பார்த்துட்டு அக்கா போன்ல கேட்டா... "ஏய், என் ரூம் இவ்ளோ அழகாடி?"