குமுட்டிக்கு மண் பூசுதல்

2023 டிசம்பர்த் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் எங்கள் அம்பத்தூர் வீட்டுக்குள் முழங்கால் அளவு நீர் புகுந்தது. அம்மா மறைந்து ஓராண்டு கடந்திருந்தது. வீடு பூட்டியே கிடந்தது. நீர் வடிந்தபின் நாங்கள் இருவரும் போய்க் கதவைத் திறந்தபோது, மாடிப்படிக்குக் கீழே அவருடைய குமுட்டி அடுப்பு பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அடிப்பகுதி துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. உள்மண் ஊறிப் பாளம் பாளமாகப் பெயர்ந்து, வாய்வழியே சேறாக ஒழுகியிருந்தது. மெத்தை, பீரோ, புத்தகங்கள் எனப் பலவற்றை அன்று தெருவில் எறிந்தோம். குமுட்டியை மட்டும் எறிய மனம் வரவில்லை.

இன்றைய இளைஞருக்குக் குமுட்டி என்றால் விளக்க வேண்டியிருக்கிறது. வாளி வடிவத் தகரக் கூடு; உள்ளே இரண்டு விரற்கடை கனத்துக்குக் களிமண் பூச்சு; நடுவில் கரியைத் தாங்கும் இரும்புக் கம்பிகள்; கீழே சாம்பல் வாரவும் காற்றுப் போகவும் ஒரு வாய்; விளிம்பில் பாத்திரம் அமர மூன்று குமிழ்கள். அவ்வளவுதான். தெலுங்கில் இதனைக் கும்பட்டி என்பர். பெயர் எப்படியாயினும், கையிலெடுத்துச் செல்லும் கரிநெருப்பு நமக்குப் பழையதுதான். கூதிர்க் காலத்துக் குளிரில் தடவிலிட்ட நெருப்பைச் சூழ்ந்திருந்த மாந்தரை நெடுநல்வாடை காட்டுகிறது. அந்தத் தடவு குளிர்காயவென்றே அமைந்தது. எங்கள் வீட்டுக் குமுட்டியோ பால் காய்ச்சவும், கஷாயம் வைக்கவும், அப்பளம் சுடவும், எண்ணெய்க் குளியலன்று சாம்பிராணிக்குத் தணல் தரவும் இருந்தது.

அதன் கூட்டைச் செய்தவர் அப்பா. 1964இல் தோன்றிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் அவருக்கு வேலை. அங்கே காலியான ஒரு கிரீஸ் டின்னை வெட்டி, வாய் திறந்து, வளையம் வைத்துக் கைப்பிடி மாட்டிக் கொண்டுவந்தார். மண் பூசியவர் அம்மா. எரிவாயு வந்தபின்னும் குமுட்டி கொல்லையில் இருந்தது. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் மரங்களைச் சாய்த்து எங்கள் பகுதியில் பல நாள் மின்சாரம் இல்லாமற்போனபோது, எங்கள் வீட்டுச் சிலிண்டரும் தீர்ந்திருந்தது. அந்த வாரம் முழுவதும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கெல்லாம் பால் காய்ந்தது இந்தக் குமுட்டியில்தான். அதற்குப்பின் அம்மா அதைப் பற்றவைத்ததாக எங்களுக்கு நினைவில்லை.

பழுது பார்ப்பது என்று முடிவான உடனேயே எங்களுக்குள் வழக்கு மூண்டது. இளையவன் உலோகப்பூச்சுத் தொழிலில் இருப்பவன். அவன் சொன்னான்: "அக்கா, மண்ணையெல்லாம் தட்டி எடுத்துட்டு, மணல் அடிச்சுத் துருவை நீக்கி, பவுடர் கோட்டிங் கொடுத்துடலாம். கூடத்துல வச்சா அழகா இருக்கும். உள்ளே ஒரு செடி வைக்கலாம்." அவன் ஆசையில் தவறில்லை. கல்லுரலையும் பித்தளை அண்டாவையும் வீட்டு வாயிலில் பூந்தொட்டியாக வைப்பதை இப்போது எங்கும் காண்கிறோம். ஆனால் அந்தப் பூச்சு சுமார் 200 டிகிரி வெப்பத்தில் உருகிப் படிவது. அதற்குமேல் போனால் நிறம் மங்கும், கெடும். பூசிவிட்டால் பிறகு நெருப்பு வைக்க இயலாது. ஆகவே வழக்கு நிறத்தைப் பற்றியதன்று. அடுப்பாக இருக்கட்டுமா, அடுப்பின் நினைவாக இருக்கட்டுமா என்பதே கேள்வி.

தீர்ப்பைத் தந்தவர் பூந்தமல்லி சாலையோரம் பானை அடுக்கி விற்கும் குயவர் ஒருவர். மண் கேட்டுத்தான் அவரிடம் போனோம். குமுட்டியை உருட்டிப் பார்த்துவிட்டு, "தகரம் எது வேணாலும் வச்சுக்கலாம்மா. மண்ணுதான் அடுப்பு" என்றார். ஒட்டியிருந்த பழைய மண்ணைச் சுரண்டி எறியப் போனபோது கையைப் பிடித்துத் தடுத்தார். "அதைப் போட்டுடாதீங்க. வெந்த மண்ணை இடிச்சுச் சலிச்சுப் புது மண்ணோட கலந்தா வெடிப்பு விடாது."

வீட்டுக்கு வந்து பழைய பூச்சைப் பெயர்க்கலானோம். அது ஒரே பூச்சன்று. வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக வந்தது. ஆண்டுதோறும் போகிக்கு முதல்நாள் அம்மா விரிசல்களை அடைத்து மேலே ஒரு பூச்சுப் பூசுவார் என்பது எங்களுக்குத் தெரியும். அவை அத்தனையும் உள்ளே அப்படியே இருக்கும் என்று எண்ணிப் பார்த்ததில்லை. நெருப்புப் பட்ட அடுக்குகள் செங்கல்லாகியிருந்தன. தகரத்தை ஒட்டிய அடுக்கு வேகாத மண்ணாகவே இருந்து வெள்ளத்தில் கரைந்திருந்தது. இளையவன் அடுக்குகளை எண்ணத் தொடங்கினான், பதினொன்றுக்குமேல் பொடிந்துவிட்டது. ஓர் அடுக்கின் முதுகில் நான்கு விரல்கள் இழுத்த தடம் தெளிவாக இருந்தது. மேற்பூச்சு பிடிப்பதற்காக வேண்டுமென்றே அவர் சொரசொரப்பாக விட்ட தடம். எங்கள் விரல்களை அதில் வைத்துப் பார்த்தோம். அம்மாவின் விரல்கள் எங்களுடையவற்றைவிடச் சிறியவை.

அந்தத் துண்டை இடிப்பதா, எடுத்து வைப்பதா? இரண்டு நாள் அது சன்னலில் இருந்தது. கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம் என்று முதலில் சொன்ன இளையவன்தான் மூன்றாம் நாள் உலக்கையை எடுத்து வந்தான். மற்ற அடுக்குகளையெல்லாம் தம் கையாலேயே மறைத்துக்கொண்டு போனவர் அம்மா. இந்த ஒன்றை மட்டும் நாங்கள் பாதுகாப்பது அவர் வழக்கமன்று என்றான். இடித்தோம்.

வேலை எளிது, நாள்தான் பிடித்தது. தகரத்தின் துருவைக் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் தேய்த்து எடுத்தோம். அடியோட்டைக்குப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தோம். வெளிப்புறத்துக்கு மட்டும் வெப்பம் தாங்கும் கறுப்புப் பூச்சு. உள்ளே ஒன்றும் பூசவில்லை. களிமண்ணும் மணலும் உமியும், சலித்த பழைய மண்ணும் சேர்த்து ஓர் இரவு ஊறவைத்து, காலால் மிதித்துப் பிசைந்தோம். பூசிய பின் நிழலில் எட்டு நாள். வெயிலில் வைத்தால் மேற்புறம் முந்திக் காய்ந்து வெடித்துவிடும். எழுந்த மயிர்க்கோட்டு விரிசல்களைக் கரைத்த மண்ணால் அடைத்தோம். பிறகு முதல் நாள் சிராய்த்தூள் நெருப்பு, மறுநாள் கைப்பிடிக் கரி, மூன்றாம் நாள் முழு நெருப்பு. கரி, தெருமுனையில் துணி தேய்ப்பவர் வாங்கும் கடையில் கிடைத்தது. இராமநாதபுரம் பக்கத்துச் சீமைக் கருவேலங்கரி.

அந்நாள்களில் இளையவன், அமெரிக்கர் தம் பழைய கரியடுப்புகளைப் புதுப்பிக்கும் காணொளிகளை விரும்பிப் பார்த்தான். 1952இல் சிகாகோ அருகே வெபர் சகோதரர்களின் உலோகப் பட்டறையில் இருந்த ஜார்ஜ் ஸ்டீபன், கடல் மிதவைக்கான அரைக்கோளங்களைக் கொண்டு வடித்த மூடியடுப்பு அது. எஃகின்மேல் சுமார் 800 டிகிரியில் உருக்கிப் படியவைத்த எனாமல் பூச்சு அதற்குக் கவசம். பல பத்தாண்டு உழைக்கும். ஆனால் பெயர்ந்தால் அதை வீட்டில் மீண்டும் படியவைக்க இயலாது. வேறு வண்ணம் பூசித்தான் ஒப்பேற்ற வேண்டும். தாய்லாந்தின் வாளியடுப்பும், அதைப் பார்த்துக் கென்யாவில் 1980களில் பரவிய ஜிகோவும் நம் குமுட்டியின் உறவினர்: வெளியே தகரம், உள்ளே சுட்ட மண். மண் வெப்பத்தை உள்ளே நிறுத்துவதால் வெறுந்தகர அடுப்பைவிடக் கரி குறைவாகச் செலவாகும். நம்முடையது இவற்றுள் மிக எளிதில் கெடுவது. மிக எளிதில் திருந்துவதும் அதுவே; கொஞ்சம் மண்ணும் இரண்டு கைகளும் போதும்.

ஒரு தவற்றையும் சொல்லிவிட வேண்டும். முதல் சமையலன்று தூறல் விழுந்ததால், கத்தரிக்காய் சுட்டு முடித்த குமுட்டியைத் தணலோடு சமையலறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்தினோம். புகை இல்லை, மணம் இல்லை. அரைமணியில் இருவருக்கும் தலை கனத்தது. கரிநெருப்பிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு கண்ணுக்கும் மூக்கிற்கும் தெரியாமல் உயிரையே குடிக்கும் என்பதைப் படித்திருந்தும் மறந்தோம். கதவைத் திறந்து வெளியே ஓடினோம். மழை பெய்தாலும் அம்மா அதைக் கொல்லைத் தாழ்வாரத்தைவிட்டு உள்ளே கொண்டுவந்ததில்லை. நாங்கள் அதைப் பிடிவாதம் என்று எண்ணியிருந்தோம். கரியடுப்புக்கு வானம் தெரிய வேண்டும். இப்போது குமுட்டி மொட்டைமாடியில், தகரக் கூரைச் சரிவின்கீழ் இருக்கிறது.

மாதம் ஒருமுறை பற்றவைக்கிறோம். அதிகமாக ஒன்றும் செய்வதில்லை: கத்தரிக்காய், அப்பளம், பருவத்தில் சோளக்கதிர். தீ அடங்கியபின் தணலில் சாம்பிராணி. போன வாரம் வாயின் இடப்பக்கம் ஒரு விரிசல் கண்டது. இளையவன் பதறவில்லை. ஒரு பிடி மண் எடுத்து ஊறப்போட்டுவிட்டு, "இப்ப அடைச்சிடலாம், போகிக்கு முழுசாப் பூசிக்கலாம்" என்றான்.