கோடைக்கேற்ற உடையும் குன்றோடு மறைந்த விடுதியும்

கோடை வந்தால் சீமைக்காரர் கடற்கரையை நாடுவர். இந்தியாவில் வசதி படைத்தோர் உதகமண்டலத்துக்குப் புறப்படுவர். வன்னியில் வாழும் எமக்கோ ஆண்டின் பெரும்பகுதி கோடையேதான். ஆடி மாதத்துச் சோளகம் புழுதியை வாரி முகத்தில் இறைக்க, குளங்கள் அடிவற்றிக் கிடக்க, நண்பகலில் மாடுகளும் நிழலைவிட்டு அசைய மறுக்கும். "கோடைக்குரிய உடை எது?" என்று எம்மை எவரேனும் வினவினால், "மழைக்குரிய உடை எதுவென்று கேளுங்கள், அதற்குத்தான் நாம் யோசித்து விடைகூற வேண்டும்" என்று சொல்லத் தோன்றும்.

ஆயினும், அந்த வினாவையே யோசிக்கும்படி ஒரு சந்தர்ப்பம் எமக்கு வாய்த்தது. கனடாவின் ரொறன்ரோ நகரிலிருந்து எம் மைத்துனரும், பத்தொன்பது வயது நிரம்பிய அவருடைய மகளும் விடுமுறைக்குக் கிளிநொச்சி வந்திருந்தனர். தம் வயது முதிர்ந்த தாயார், அதாவது எமது மாமியார், ஆயுளில் ஒருமுறையாவது பெரியதொரு ஹோட்டலில் தங்கவேண்டும் என்பது மைத்துனரின் நெடுநாள் ஆசை. தம்புள்ளைக்கு அருகே, சிகிரியாக் குன்றைத் தொலைவிற் காணும்படி அமைந்த கண்டலம ஹோட்டலில் இரண்டு இரவுகள் தங்குவதென முடிவாயிற்று. செலவு அவருடையது, மகிழ்ச்சி எம் எல்லோருடையது.

புறப்படுமுன்னரே உடைப் பிரச்சினை எழுந்தது. மருமகளின் பெட்டி நிறையக் கோடை உடைகள். கனடாவிற் கோடை ஏறக்குறைய மூன்று மாதந்தான். ஆகவே அங்குள்ளோர் அதனை ஒரு திருவிழாவாகக் கருதிக் கையற்ற சட்டைகளும், முழங்காலுக்கு மேலே நிற்கும் காற்சட்டைகளுமாக அணிந்து வெயிலை வரவேற்பர். எமது மாமியாரோ தம் பெட்டியில் அரக்கு நிறக் காஞ்சிபுரப் பட்டொன்றை மடித்து வைத்திருந்தார்.

"இந்த வெக்கைக்குப் பட்டோ, அப்பம்மா?" என்றாள் பேர்த்தி.

"பெரிய ஒட்டலுக்கு நூல்சேலையோடு போனால் ஆர் மதிப்பினம், பிள்ளை?" என்று கேட்டுப் பெட்டியைப் பூட்டிவிட்டார் அவர்.

விடியுமுன் புறப்பட்டோம். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் அவ்வழியே செல்லும் வழக்கம் எம்மவர்க்கில்லை. தேங்காய் உடைத்து, வறுத்த கச்சான் வாங்கிக்கொண்டு, மாங்குளம், புளியங்குளம் கடந்து ஓமந்தையை அடைந்தபோது வண்டிக்குள் எல்லோரும் மௌனமாயினர். 2002ஆம் ஆண்டு திறந்து, 2006ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மீண்டும் மூடுண்ட பாதையல்லவா இது! இங்கிருந்த சோதனைச் சாவடி 2015இல் அகற்றப்பட்டது. இன்று பேருந்துகள் நில்லாமல் ஓடுகின்றன. மருமகளுக்கு அது யாதொரு விசேஷமுமற்ற வெறும் பாதைதான். அப்படி இருப்பதே நன்று என்று நாமும் பேசாதிருந்தோம்.

வவுனியாவிலே தேநீர் அருந்தி, மதவாச்சியையும் மிகிந்தலையையும் கடந்து தெற்கே சென்றோம். நிலத்தின் தோற்றம் பெரிதும் மாறவில்லை. எம் காடுகளில் நிற்கும் பாலையும் வீரையும் முதிரையும் அங்கும் நின்றன. குளமும், குளத்தின் கீழ் வயலும், வயலுக்கப்பாற் காடுமாக விரியும் உலர்வலயக் காட்சி கண்டலம வரை எம்மைத் தொடர்ந்து வந்தது.

தம்புள்ளையிலிருந்து கிளைப்பாதையிற் சென்று, காட்டினூடே மேடேறி வண்டி நின்றபோது, "ஹோட்டல் எங்கே?" என்று மருமகள் கேட்டாள். நியாயமான கேள்விதான். வளைவும் கோபுரமும் பளபளக்கும் பெயர்ப்பலகையும் அங்கே எம்மை எதிர்கொள்ளவில்லை. பாறைக்குள் நுழைவது போன்றதொரு வாயில். அதனூடே நடந்தால் ஒருபுறம் இயற்கைப் பாறை, மறுபுறம் திறந்த வெளி, எதிரே குளம். குளத்துக்கப்பால், நீலப் புகைபோலச் சிகிரியாக் குன்று. எமது மாமியார் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

இதனை அமைத்தவர் ஜெப்ரி பாவா என்னும் கட்டடக் கலைஞர். 1919இற் பிறந்த அவர், முதலில் சட்டம் பயின்று வழக்கறிஞரானவர். பின்னரே கட்டடக் கலைக்கு வந்தார். 1982இல் கோட்டையிலே திறக்கப்பட்ட புதிய பாராளுமன்றமும் அவர் அமைத்ததே. சிகிரியாவின் அடிவாரத்தில் ஹோட்டல் கட்டலாம் என்று உரிமையாளர் எண்ணியிருந்தபோது, பாவா அதனை மறுத்து, குன்றை எட்டநின்று காணத்தக்க இந்த இடத்தைத் தெரிந்தெடுத்தார். பழமைச் சின்னத்தின் மடியில் ஏறி அமர்வதை விட, அதற்குரிய மரியாதையோடு விலகி நிற்பதே தகும் என்ற எண்ணம் அத்தெரிவிலே தெரிகிறது.

1994இல் ஹோட்டல் திறக்கப்படுமுன் எதிர்ப்பும் எழாமலில்லை. குளத்து நீர் மாசுபடும், காடு அழியும், புனித தலங்களின் அமைதி கெடும் என்று பௌத்த துறவிகளும் சூழலை நேசிப்போரும் அஞ்சினர். அந்த அச்சத்தை எவரும் வீணென்று தள்ளிவிட முடியாது. கட்டடம் தூண்களின்மேல் உயர்த்தப்பட்டிருப்பதால், மழைநீர் அதன் கீழே தன் வழியே ஓடுகிறது. ஏறக்குறைய 150 அறைகளைக் கொண்ட கட்டடத்தைக் கொடிகள் படர்ந்து மூடியுள்ளன; குளத்தின் மறுகரையிலிருந்து பார்ப்பவர்க்கு அது குன்றின் ஒரு பகுதிபோலவே தோன்றும். கழிவுநீரைச் சுத்திகரித்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சுகின்றனர். நடைபாதைகளுக்குக் குளத்தின் பக்கம் சுவரே இல்லை. அறைகளிற் குளிரூட்டும் இயந்திரம் உண்டாயினும், வெளியே எம்மைக் குளிர்வித்தது குளத்திலிருந்து ஏறிவந்த காற்றுத்தான். எம் பழைய வீடுகளின் திண்ணையும் விறாந்தையும் செய்த வேலை அதுவேயன்றோ?

அன்று மாலை எமது மாமியார் பட்டுடுத்தினார். போசனசாலைக்குச் செல்லும் படிகளில், லக்கி சேனாநாயக்க வடித்த மாபெரும் ஆந்தைச் சிற்பம் சிறகு விரித்து நிற்கிறது. அதன் கீழே வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. வேர்வை வழிந்து இரவிக்கை நனைந்துவிட்டது. பக்கத்தில் அமரவைத்து விசிறினோம். இயந்திர நூலாலான இறுக்கமான உடையணிந்திருந்த பேர்த்தியின் கழுத்திலோ வேர்க்குரு சிவந்து கிடந்தது.

"ஏன் அப்பம்மா இந்தப் பாடு? சேலையை மாற்றுங்கோவன்" என்றாள் அவள்.

முதியவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் மெல்லச் சொன்னார்: "2009இலே முகாமுக்கு வரேக்க உடுத்திருந்த சேலை ஒண்டுதான் பிள்ளை. ஒரு பாதியைத் தோய்ச்சுக் காயவிட்டு, மற்றப் பாதியைச் சுத்திக்கொண்டு நிண்டனான். இனி ஒருத்தர் வீட்டு வாசலிலே பழஞ்சேலையோட நிக்கிறேல்லை எண்டு அப்ப நினைச்சது."

எவருக்கும் விடைகூற நா எழவில்லை. எமக்கே அது புதிய செய்தி. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரே முற்றத்தில் வாழ்ந்தும் நாம் கேட்டறியாதது. மருமகள் எழுந்து அறைக்குச் சென்றாள். இரவில் உடுக்கவென்று அப்பம்மா கொண்டுவந்திருந்த இரண்டு நூல்சேலைகளையும் எடுத்துவந்து, "ஒன்று உங்களுக்கு, ஒன்று எனக்கு. எனக்குக் கட்டிவிடுங்கோ" என்றாள். சிறிது நேரத்தில் இருவரும் வெளிர்நிற நூல்சேலையுடுத்து, ஆந்தையின் அடியாற் படியிறங்கி வந்தனர். பரிமாற வந்த இளைஞர் தமக்குத் தெரிந்த சில தமிழ்ச் சொற்களில் "அம்மா, வாங்க, இருங்க" என்று கூறிக் காற்று வரும் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். மதிப்புக்குக் குறைவேதும் நேரவில்லை.

உடை விஷயத்தில் எம் முன்னோர் அறியாதவரல்லர். பருத்தி நூல் வேர்வையை உறிஞ்சிக் காற்றிலே விடுகிறது. அந்த ஈரம் உலரும்போது உடல் குளிர்கிறது. இயந்திர நூற்றுணிகளிற் பல அவ்வாறு உறிஞ்சுவதில்லை. அடர்ந்த பட்டும் சரிகையும் காற்றைத் தடுத்து நிறுத்தும். தளர்ந்த உடைக்குள் காற்று உலவும். வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பும். வேட்டியும் சால்வையும் நூல்சேலையும் இந்த நிலத்திற்கென்றே பிறந்தவை. இலங்கையின் புதிய நாகரிகத்திலும் இதனை உணர்ந்தோர் உண்டு. பார்பரா சன்சோனி அம்மையார் கைத்தறித் துணிக்குப் புதிய வர்ணங்களைத் தந்து உலகறியச் செய்தார். ஈனா டி சில்வா அம்மையார் பற்றிக் கலையை வளர்த்தார்; பாவா அமைத்த பெந்தோட்டை ஹோட்டலின் முகப்பு மண்டபத்துக்கு விதானமாக அமைந்தது அவருடைய பற்றிக் துணியே. எமது கிராமத்துத் தறியிற் பிறக்கும் துணியும் இவர்கள் கைபட்ட துணியும் நூலால் ஒரே குலத்தைச் சேர்ந்தவை.

மறுநாள் விடியற்காலையில் சிகிரியாவுக்குச் சென்றோம். செல்ல விரும்பும் குடும்பத்தினர்க்கும் மாணவர்க்கும் சில சொற்கள்: வெயில் ஏறுமுன் ஏறத் தொடங்குங்கள். பருத்தி உடையும், வழுக்காத காலணியும், நாடாவாற் கட்டிய ஓலைத் தொப்பியும், போதிய குடிநீரும் வேண்டும். உச்சியிற் காற்றுப் பலமாதலின் சேலையுடுத்துவோர் முந்தானையை இறுகச் செருகிக்கொள்வது நலம். குளவிக் கூடுகள் இருப்பதால் கூச்சலிடாது செல்லுங்கள். அங்குள்ள அறிவிப்புகளும் அதனையே வற்புறுத்துகின்றன.

477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன் இந்தக் குன்றைத் தன் தலைநகராக்கினான். பாறைக் குகையில் தீட்டப்பட்ட பெண்களின் ஓவியங்களை மருமகள் நெடுநேரம் பார்த்தாள். அவர்கள் அணிந்த மெல்லிய துணியும் நிறைந்த ஆபரணமும் அக்காலத்து நாகரிகத்தைக் காட்டுகின்றன. அவ்வோவியங்களைக் கண்டு வியந்த பழங்காலப் பார்வையாளர், கண்ணாடிச் சுவர் எனப்படும் மதிலிலே பாட்டெழுதிச் சென்றனர். அவற்றில் 685 பாடல்களைப் படித்து, 1956இல் நூலாக வெளியிட்டார் பேராசிரியர் பரணவிதான. இன்று அச்சுவரில் எழுதுவது குற்றம் என்பதை மாணவர்கள் மறக்கலாகாது.

மாமியார் மேலே ஏறவில்லை. கீழே நீர்ப்பூங்காவின் மரநிழலில் அமர்ந்திருந்தார். நாம் இறங்கி வந்தபோது, நிலத்தடிக் கால்வாய்களையும், மழைக்காலத்தில் இன்றும் நீர் பீறிடும் ஊற்றுகளின் கற்களையும் சுட்டிக்காட்டி, "எங்கட குளத்துத் துருசு வைச்ச ஆக்கள் மாதிரித்தான் இவையும்" என்றார். ஆராய்ச்சியாளர் பல பக்கங்களில் எழுதுவதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

மாலையில் தம்புள்ளைக் குகைக் கோயில்களுக்குச் சென்றோம். ஐந்து குகைகள்; முதலாவதில் ஒரே பாறையிற் செதுக்கிய, ஏறக்குறைய 14 மீற்றர் நீளமான சயனப் புத்தர். இரண்டாவது குகையிலே விஷ்ணுவின் திருவுருவமும் உண்டு; மாமியார் கைகூப்பினார். இங்கே தோளும் முழங்காலும் மறைய உடுத்தல் வேண்டும். கனடாக் காற்சட்டை அங்கே செல்லாதென அறிந்து, மருமகள் அன்றும் அப்பம்மாவின் நூல்சேலையிலேயே வந்திருந்தாள். வெயிலிற் காய்ந்த பாறை வெறுங்காலைச் சுடும். காலுறை கொண்டுசெல்வது உத்தமம். இன்னுமொரு நாள் வசதியுள்ளோர் பொலன்னறுவைக்கும் சென்று, சோழர் எடுப்பித்த வானவன்மாதேவி ஈச்சரத்தையும், வேளைக்காரப் படையினரின் தமிழ்க் கல்வெட்டையும் கண்டு வருவாராக. பெரிய ஹோட்டலிலே தங்கத்தான் வேண்டுமென்பதில்லை. தம்புள்ளையில் அடக்கமான விடுதிகள் பல உள்ளன.

திரும்பும் வழியில் எம் மனம் வன்னியையே சுற்றியது. எமக்கும் இரணைமடு உண்டு, முத்தையன்கட்டு உண்டு. ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் உண்டு. வைகாசிப் பொங்கலுக்குத் திரளான மக்களை அழைக்கும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் உண்டு. போர் முடிந்தபின் எம் தெருவோரங்களிலும் விடுதிகள் எழுகின்றன. இனிமேற் கட்டுவோர், வெயிலை உள்ளே அழைக்கும் கண்ணாடிச் சுவரை எழுப்பிப் பின் அதனை விரட்ட இயந்திரம் பூட்டுவதைவிட, ஒரு பாலை மரத்தை வெட்டாது விட்டு, அதன் நிழலில் விறாந்தை இறக்கினால் எவ்வளவு நன்றாயிருக்கும்! கோயிலுக்கும் குளத்துக்கும் சற்றே விலகி நின்று, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலையும், உள்ளூர்த் தறிக்கு விரிப்பும் திரையும் நெய்யும் வாய்ப்பும் கொடுக்கும் விடுதியொன்று இங்கும் எழலாகாதா?

முறிகண்டியில் வண்டி நின்றது. பட்டுச்சேலை பெட்டிக்குள்ளேயே இருந்தது. பேர்த்தியின் கலியாணத்துக்கு உடுப்பதாக மாமியார் சொல்லிவிட்டார். பிரயாணத்திற் கசங்கிய நூல்சேலையோடு அவர் இறங்கி, சனக்கூட்டத்தின் நடுவே நிமிர்ந்து நடந்து, பிள்ளையாருக்குத் தம் கையாலேயே தேங்காய் உடைத்தார்.