காடியும் மண்ணும்

விலை பத்து டாலருக்கும் குறைவு. கைக்கு அடக்கமான ஒரு பிடி. ஒரு முனையில் பித்தளைக் கம்பியும் நைலான் இழையும் கலந்த சின்ன பிரஷ். மறுமுனையில் மடக்கி வைத்துக்கொள்ளும்படி ஒரு இரும்பு முள். இழுத்தால் நீண்டு, விட்டால் சுருண்டுகொள்ளும் கயிறு ஒன்றில் கோல்ஃப் பையின் ஓரமாகத் தொங்கும். கோல்ஃப் கடையில் நுழைந்தால் கல்லாவுக்குப் பக்கத்திலேயே கொத்தாக மாட்டி வைத்திருப்பார்கள். ஆயிரம் டாலருக்கு மட்டை வாங்குபவர் போகிற போக்கில் இதையும் எடுத்துப் போடுவார். யாரும் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

இரும்பு மட்டையின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தால் கிடைவாட்டில் வரிசையாகப் பள்ளக் கோடுகள் தெரியும். எங்கள் ஊர் ஆசாரிகள் பலகையில் இப்படி வெட்டுகிற பள்ளத்தைக் காடி என்பார்கள். நானும் அந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன். ஒரு காடியின் அகலம் அதிகபட்சம் 0.9 மில்லிமீட்டர், ஆழம் அதிகபட்சம் 0.5 மில்லிமீட்டர். இதற்கு மேல் போகக் கூடாது என்று விதி இருக்கிறது. நகத்தால் கீறினால் விரல் நுனிக்குத் தெரியும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அந்த அரை மில்லிமீட்டருக்குள்தான் புல், மண், மணல், பனி ஈரம் எல்லாம் போய் அடைகிறது. அதைத் தோண்டி எடுக்கத்தான் இந்தக் கருவி.

காடி எதற்கு என்று கேட்டால் ஆடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர், பந்தைக் கவ்விப் பிடித்துச் சுழற்றுவதற்கு என்பார்கள். அது சரியில்லை. பந்தும் மட்டையும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. காய்ந்த, சுத்தமான தரையில் கிடக்கும் பந்தைக் காடியே இல்லாத வழவழப்பான முகத்தால் அடித்தாலும் சுழற்சி பெரிதாகக் குறைந்துவிடாது. ஈரப்புல்லுக்குள் கிடக்கும் பந்தில்தான் வித்தியாசம். அங்கே மட்டைக்கும் பந்துக்கும் நடுவில் புல் நசுங்கிச் சாறு விடும். அந்தச் சாறு போக ஒரு வழி வேண்டும். மழையில் ஓடும் வண்டிக்கு டயர் பட்டன் எப்படியோ மட்டைக்குக் காடி அப்படி. பட்டன் ரோட்டைப் பிடிப்பதில்லை. தண்ணீருக்கு வழி விடுகிறது, பிடிக்கும் வேலையை ரப்பர் பார்த்துக்கொள்கிறது. காடி அடைத்துக்கொண்டால் பந்து சுழலாமல் வழுக்கி, நினைத்த இடத்தைத் தாண்டிப் பறந்து, விழுந்த இடத்தில் நிற்காமல் உருண்டு போகும்.

அதாவது காடியில் வேலை செய்வது அங்கிருக்கும் வெற்றிடம். அந்த வெற்றிடத்தை வெற்றிடமாகவே வைத்திருப்பது ஒரு வேலை. இதை எனக்குச் சொன்னவர் எங்கள் அலுவலகத்தில் எனக்கு முன்னால் இருபது வருடம் வேலை பார்த்தவர். திருநெல்வேலிக்காரர். எல்லாரும் அண்ணன் என்பார்கள், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அரிசோனாவில் சாண்ட்லர் பக்கம் நகராட்சிப் பொது மைதானம் ஒன்றில் சனிக்கிழமை விடிகாலை ஒன்பது குழி ஆடுவார். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். என்னையும் இழுத்துப் போனார். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் நின்று முள்ளை எடுத்துக் காடியைத் தோண்டுவார். பின்னால் வருகிறவர்கள் பொறுமை இழப்பார்கள்.

"அண்ணே, வீட்டுக்குப் போய் மொத்தமாக் கழுவிக்கலாமே?"

"அடுத்த அடி வீட்டுலயா இருக்கு? இங்கனதான இருக்கு."

கோல்ஃப் கடைகளில் இதே அளவில், இதே கைப்பிடியோடு இன்னொரு கருவியும் கிடைக்கும். அதன் முனையில் இருப்பது கெட்டிப்படுத்திய எஃகு வெட்டு. காடிக்குள் வைத்து இழுத்தால் மண்ணோடு சேர்த்து இரும்பையும் கொஞ்சம் சீவிக்கொண்டு வரும். தேய்ந்து மழுங்கிய காடி மறுபடி கூராகும். சுத்தமும் செய்யும், கூரும் ஏற்றும் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். இரண்டும் ஒரே வேலை மாதிரித்தான் தோன்றும்.

அம்மி இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கத் தேவையில்லை. அம்மியைக் கழுவுவது தினசரி வேலை. கொத்துவது எப்போதாவது. அரைத்து அரைத்து வழவழப்பானதும் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு போகும் ஆளைக் கூப்பிடுவார்கள். உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து முகம் முழுக்கப் பொளிந்துவிட்டுப் போவார். கொத்திய அன்றைக்கு அந்த அம்மியில் யாரும் சமையலுக்கு அரைக்க மாட்டார்கள். கொஞ்சம் அரிசியோ தவிடோ போட்டு அரைத்துக் கொட்டி, கல்துகள் போன பிறகுதான் மிளகாய் வைப்பார்கள். கொத்தும்போது கல்லில் கொஞ்சம் போய்த்தான் தீரும் என்பதும், புதுக்கூரில் ஆபத்து உண்டு என்பதும் அந்தச் சமையலறைக்குத் தெரிந்திருந்தது.

கோல்ஃப் விதியும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. ஆட்டத்துக்கு நடுவில் மட்டையைச் சுத்தம் செய்யலாம். வேண்டுமென்றே அதன் குணத்தை மாற்றக் கூடாது. சாதாரணமாக ஆடித் தேய்ந்த மட்டை, விதிக்கு உட்பட்ட மட்டைதான். நாமாக எடுத்துச் சீவிய காடி, அளவைத் தாண்டிவிட்டால் விதிக்கு வெளியே போய்விடும். காலம் செய்கிற மாற்றத்துக்கு மன்னிப்பு உண்டு, கை செய்கிற மாற்றத்துக்குக் கணக்கு உண்டு.

அந்தக் கணக்குக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1921இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த ஓப்பன் போட்டியில் ஜாக் ஹட்சிசன் ஜெயித்தார். அவருடைய இரும்பு மட்டைகளில் காடிகள் ஆழமாக வெட்டப்பட்டிருந்தன. அந்த வருடமே அப்படிப்பட்ட மட்டைகளுக்குத் தடை வந்தது. பிறகு 1980களில் பிங் நிறுவனத்தின் ஐ2 மட்டை. பிங்கை உருவாக்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் நார்வேயில் பிறந்தவர், முதலில் செருப்புத் தைப்பவராக இருந்து பின்னாளில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பொறியாளராக வேலை பார்த்தவர். வீட்டு கராஜில் மட்டை செய்ய ஆரம்பித்தார். அவருடைய நிறுவனம் இன்றும் இதே ஃபீனிக்ஸில்தான் இருக்கிறது. ஐ2வின் யு வடிவக் காடிகள் பந்தின் தோலைச் சீவுகின்றன என்று புகார் வந்ததால் காடியின் விளிம்பைக் கொஞ்சம் மழுக்கினார்கள். அங்கேதான் சண்டை ஆரம்பித்தது. விளிம்பு வளைந்துவிட்டால் காடி எங்கே தொடங்குகிறது? வளைவு ஆரம்பிக்கிற இடத்திலா, செங்குத்தாக இறங்குகிற இடத்திலா? அமெரிக்க கோல்ஃப் சங்கம் அளந்த முறைப்படி இரண்டு காடிகளுக்கு நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி குறைந்தது. பிங் அளந்த முறைப்படி எல்லாம் சரி. ஒரு மயிரிழை வித்தியாசம். வழக்கு நீதிமன்றம் வரை போய், 1990இல் சமரசம் ஆனது. 1990 ஏப்ரல் 1க்கு முன் செய்த ஐ2 மட்டைகளை அனுமதிப்பது என்று முடிவு.

இருபது வருடம் கழித்து அந்தச் சமரசம் திரும்பி வந்தது. 2010இல் புது விதி. காடியின் கொள்ளளவுக்கும் விளிம்பின் கூருக்கும் கட்டுப்பாடு வந்தது. கரடான புல்லிலிருந்து அடித்தாலும் பந்து சுழல்கிறது, அதனால் நேராக அடிக்கிறவருக்கும் கோணலாக அடிக்கிறவருக்கும் வித்தியாசம் இல்லாமல் போகிறது என்பது காரணம். அந்த ஜனவரியில் ஃபில் மிக்கெல்சன் பையில் ஒரு பழைய பிங் ஐ2 வெட்ஜ் இருந்தது. புது விதிப்படி தவறு, பழைய சமரசத்தின்படி சரி. பெரிய சர்ச்சை. மார்ச் மாதம் கார்ஸ்டனின் மகன் ஜான் சோல்ஹைம் தன் நிறுவனத்துக்கு இருந்த உரிமையை விட்டுக்கொடுத்த பிறகுதான் அடங்கியது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தொழிலில் இது வாரா வாரம் நடக்கிறது. இருபது வருடத்துக்கு முன்னால் யாரோ யாருடனோ செய்துகொண்ட ஒரு சமரசம், காரணம் எழுதாமல், ஒரு வரி நிரலாக உட்கார்ந்திருக்கும். புதிதாக வருகிறவன் கண்ணுக்கு அது அழுக்கு.

அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தது அப்படிப்பட்ட ஒரு பழைய பில்லிங் அமைப்பு. கோபால் மொழியில் எழுதியது. ஆமாம், நம் ஊர்ப் பெயர் மாதிரியே ஒலிக்கும் அந்தப் பழைய கணினி மொழிதான். தினமும் காலையில் வந்து முந்தின இரவு ஓடியதன் மிச்சங்களைப் பார்ப்பார். சிக்கி நின்ற கோப்புகளை விடுவிப்பார். நிரம்பப் போகும் இடத்தைக் காலி செய்வார். எதுவும் உடையாது. எதுவும் உடையாததால் அவர் பெயரில் எந்தப் புகார்ச்சீட்டும் இல்லை, எந்தப் பாராட்டும் இல்லை. வருடாந்திர மதிப்பீட்டில் "இந்த ஆண்டு என்ன சாதித்தீர்கள்" என்ற கட்டத்தில் அவர் என்ன எழுதுவார்? "ஒண்ணும் நடக்கல" என்றா?

போன வருடம் அந்த அமைப்பை மாற்றி எழுத முடிவானது. மாற்றி எழுதும் குழுவில் என்னைப் போட்டார்கள். அண்ணனுக்கு ஆறு வாரம் கொடுத்து, தெரிந்ததை ஒப்படைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. மகள் கல்லூரியில் இரண்டாவது வருடம்.

முதல் வாரம் நான் ஒரு பட்டியல் தயார் செய்தேன். காரணம் விளங்காத விதிவிலக்குகள், மொத்தம் நாற்பத்தொன்று. அதில் ஒன்று: குறிப்பிட்ட சில அஞ்சல் குறியீடுகளுக்கு மட்டும் வருடத்தில் ஏழெட்டு மாதம் ஒரு மணி நேரத்தைக் கூட்டிக் கணக்கிடுகிறது.

"அண்ணே, இது என்ன? அரிசோனாவுலதான் கோடைக்குக் கடிகாரத்த மாத்துறதே இல்லையே. 1968லேருந்தே கிடையாதே."

"நவஹோ ஜனங்க மாத்துவாங்க தம்பி. அவங்க நிலம் மூணு மாநிலத்துல பரந்து கிடக்கு, மத்த ரெண்டுலயும் மாத்துறாங்கள்லா. ஆனா அதுக்கு நடுவுலயே ஹோப்பி ஜனங்க இருக்காங்க பாரு, அவங்க மாத்த மாட்டாங்க. அந்தக் குறியீடு பட்டியல்ல இருக்காது, பாத்துக்க."

பார்த்தேன். இல்லை.

காடிக்கும் மண்ணுக்கும் வித்தியாசம் தெரிய, அந்த மட்டையால் அடித்திருக்க வேண்டும். மேலாகப் பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே கறுப்புக் கோடு. இதை நான் தத்துவமாகச் சொல்லவில்லை, அந்த நாற்பத்தொன்றில் பன்னிரண்டு உண்மையிலேயே மண். பத்து வருடத்துக்கு முன் மூடிப்போன ஒரு வங்கிக்கான ஏற்பாடு ஒன்று. யாரோ சோதனைக்குப் போட்டு எடுக்க மறந்தது ஒன்று. அண்ணனே சிரித்துக்கொண்டு, "தூக்கிப் போடு" என்றார். எல்லாப் பழையதும் புனிதம் என்று அவர் ஒருநாளும் நினைத்தவரில்லை. எது எது என்று தெரிந்தவர், அவ்வளவுதான்.

நான் கோபப்பட்டது அந்த ஆறு வாரத்தின் மேல்தான். மாற்றி எழுதுவதில் தவறில்லை. அம்மியை ஒருநாள் கொத்தித்தான் ஆக வேண்டும். ஆனால் கொத்துகிறவரை உள்ளே கூப்பிடும்போது தினம் கழுவியவரை ஏன் வெளியே அனுப்ப வேண்டும்? கழுவுகிறவருக்குத்தான் கல் எங்கே மென்மை, எங்கே பிளந்திருக்கிறது என்று தெரியும். இதைக் கூட்டத்தில் சொன்னேன், எழுத்திலும் கொடுத்தேன். ஆறு வாரம் எட்டு வாரம் ஆனது. அதற்கு மேல் ஆகவில்லை.

இந்தியாவில் கோல்ஃப் ஆடுகிறவர் பெரும்பாலும் தன் மட்டையைத் தானே துடைப்பதில்லை, கேடி துடைப்பார். அந்தக் கேடிகளிலிருந்துதான் நம் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் வந்தார்கள். டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓப்பன் ஜெயித்தார். அந்தப் பட்டத்தை ஜெயித்த முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர். சௌராசியாவின் அப்பா ராயல் கல்கத்தாவில் புல்தரையைப் பராமரித்தவர். மகன் 2016, 2017 என்று இரண்டு வருடம் தொடர்ந்து அதே பட்டத்தை வாங்கினார். இந்தக் கதைகளை ஏழ்மையை வென்ற கதைகளாகவே எழுதுகிறார்கள். எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. அடுத்தவர் மட்டையின் காடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தவனுக்கு, பந்து முகத்தில் எங்கே பட்டது, எவ்வளவு புல் இடையில் வந்தது என்று ஒவ்வொரு அடிக்கும் கைவசம் சாட்சி இருந்திருக்கும். பராமரிப்பு ஒரு படிப்பு. அதற்குச் சான்றிதழ் தருவதில்லை என்பதுதான் குறை.

அண்ணன் இப்போது சின்ன நிறுவனம் ஒன்றில் பகுதிநேர ஆலோசகர். சம்பளம் பாதி. மாற்றி எழுதிய அமைப்பு அடுத்த மாதம் ஓட ஆரம்பிக்கும். நாற்பத்தொன்றில் பன்னிரண்டை எடுத்துவிட்டோம், இருபத்தெட்டைக் காரணம் எழுதிப் புது மொழிக்குக் கொண்டுவந்துவிட்டோம். மீதி ஒன்று. பிப்ரவரி மாதத்தில் மட்டும் ஒரு தொகையை முழு டாலருக்குச் சுருக்குகிறது. கடைசி வாரம் அதைக் காட்டிக் கேட்டேன். வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எனக்கு முன்னாடி இருந்தவர் போட்டது. ஏன்னு எனக்கே தெரியாது. ஆனா ரெண்டு தடவ எடுக்கலாம்னு கை வச்சிட்டு விட்டுட்டேன்."

"எடுத்துடவா அண்ணே?"

"ஒரு பிப்ரவரி ஓட்டிப் பாரு. பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சு."

அந்த வரியைப் புது அமைப்பில் சேர்த்திருக்கிறேன். மேலே ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறேன்: காரணம் தெரியவில்லை, பிப்ரவரி முடியும்வரை யாரும் தொட வேண்டாம், சந்தேகம் இருந்தால் கேட்கவும். கேட்க வேண்டிய ஆளாக என் பெயரைப் போட்டு, அதற்குக் கீழே அவருடைய தொலைபேசி எண்ணையும் அவர் அனுமதியோடு போட்டிருக்கிறேன்.