ஒரு நதி, இரண்டு கரை... அவ்வளவுதான் நாடு! காம்பியாவுக்குள் நுழையும் உப்பு

போனில் மேப்பைத் திறந்து ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரத்துக்குப் போங்கள். அங்கே செனகல் நாட்டுக்கு நடுவே ஒரு புடலங்காயைச் செருகி வைத்தது போல, நெளிந்து நீண்டு கிடக்கிறதே... அதுதான் காம்பியா. ஆப்பிரிக்கப் பெருநிலத்தின் மிகச் சிறிய நாடு.

நீளம் 300 கி.மீ-க்கும் அதிகம். அகலமோ, எங்கே அளந்தாலும் 50 கி.மீ-ஐத் தாண்டாது. மூன்று பக்கமும் செனகல். மேற்கில் மட்டும் சுமார் 80 கி.மீ அட்லான்டிக் கடற்கரை. மேப்பைக் கொஞ்சம் பெரிதாக்கினால் இன்னொரு விஷயம் தெரியும். நடுவில் ஓடும் காம்பியா நதி எங்கெல்லாம் வளைகிறதோ, அங்கெல்லாம் நாட்டின் எல்லையும் வளையும். ஆங்கிலேயக் கப்பலின் பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம்தான் எல்லை என்று ஒரு கதை உண்டு. கேட்க சுவாரஸ்யமாக இருக்கிறது. ஆனால், 1889-ல் பிரிட்டனும் பிரான்சும் ஒப்பந்தம் போட்டு, நதியின் இரு கரையிலும் ஏறக்குறைய 10 கி.மீ என்று காகிதத்தில் கிழித்த கோடுதான் அது.

நதி கடலில் கலக்கும் இடத்தில் ஒரு தீவு. அதில் தலைநகர் பஞ்சுல். கடல்மட்டத்துக்கு மிக அருகில் இருக்கும் தாழ்வான ஊர். நதிக்குள் கொஞ்ச தூரம் போனால் குண்டா கிண்டே தீவு. அடிமை வியாபாரம் நடந்த இந்த இடம் 2003 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். நீர் அரித்து அரித்து, ஒருகாலத்தில் இருந்த பரப்பில் இன்று மிச்சமிருப்பது ஆறில் ஒரு பங்குதான்!

அதற்கும் மேலே இரு கரையிலும் அலையாத்திக் காடுகள். அவற்றின் வேர்களில் ஒட்டி வளரும் சிப்பிகளைப் பெண்கள் சிறு படகுகளில் போய்ச் சேகரிக்கிறார்கள். இன்னும் மேலே ஃபராஃபென்னி. இங்கே நதியைக் கடக்கப் பல காலம் படகுத்துறைதான். லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நின்றிருக்கின்றன. 2019 ஜனவரியில்தான் கிட்டத்தட்ட ஒரு கி.மீ நீளப் பாலம் திறந்தார்கள். அதையும் தாண்டி, ஜன்ஜன்புரே பக்கம் போனால் நல்ல தண்ணீர். நீர்யானைகள்கூட உண்டு.

கீழே உப்பு, மேலே நல்ல தண்ணீர். இரண்டும் சந்திக்கும் இடம்தான் இந்த நாட்டின் தீராத தலைவலி. ஏனென்றால், அது ஓர் இடத்தில் நிற்பதில்லை.

காரணம், நிலத்தின் அமைப்பு. காம்பியா அவ்வளவு தட்டை. நாட்டின் மிக உயரமான இடமே சுமார் 53 மீட்டர்தான். ஆற்றுப்படுகையில் சரிவே இல்லாததால், கடலின் ஏற்றம் நதிக்குள் வெகுதூரம் ஏறி வரும். கினியா நாட்டு மலைகளில் பிறந்து வரும் வெள்ளம்தான் அதை எதிர்த்துத் தள்ள வேண்டும். ஜூன் முதல் அக்டோபர் வரை மழைக்காலத்தில் தள்ளிவிடும். கோடையில் நீர் வரத்து சுருங்கியதும், உப்பு நதிக்குள் 200 கி.மீ வரைகூட ஏறிவிடும்.

நல்ல தண்ணீர் இருக்கும் பகுதியில் இதே ஏற்றம் ஒரு வரம். ஆற்று நீரை உயர்த்தி, மோட்டார் இல்லாமலே வயலுக்குள் அனுப்பிவிடும். அதே வழியில் உப்பு வந்தால் நெல் கருகும். மழை குறைந்த ஆண்டுகளில் உப்பு சீக்கிரம் ஏறுகிறது, தாமதமாக இறங்குகிறது. கடல்மட்டம் உயர உயர, நிலைமை இன்னும் மோசமாகும்.

அங்கே நிலக்கடலை பெரும்பாலும் ஆண்கள் பயிர். நெல் பெண்கள் பயிர். தினமும் தட்டில் விழுவது சோறு. ஆகவே வயலில் உப்பு ஏறினால் முதல் அடி பெண்களுக்குத்தான். உப்பு நீர் புகாமல் இருக்க மண்ணால் சிறு அணைகள் கட்டுகிறார்கள். வயலைக் கைவிட்டுக் காய்கறித் தோட்டத்துக்கு மாறியவர்களும் உண்டு.

மற்றவர்கள் ஜூனுக்காகக் காத்திருக்கிறார்கள். முதல் மழை விழுந்தவுடனே நட்டுவிட முடியாது. மண்ணில் படிந்த உப்பை மழை கழுவி, எல்லைக்கு அப்பாலிருந்து நல்ல தண்ணீர் இறங்கி வர வேண்டும். அதுவரை நாற்று மேட்டு நிலத்தில்தான்.