முரசால் இரத்தம் வந்தால்...



குதைபியாவுக்குக் குடும்பத்தோடு புதிதாக வந்திருக்கும் எம்மவர்களுக்காக இதை எழுதுகின்றோம். நாம் வைத்தியர் அல்ல. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்ட தொழிற்சாலைத் தொழிலாளி. பட்டுத் தெரிந்ததைத்தான் சொல்கிறோம்.

2009 இல் வன்னியிலிருந்து மெனிக் பாம் முகாமுக்கு வந்தபோது உயிர் தப்பியதே பெரிதாக இருந்தது. தண்ணீருக்கு வரிசையில் நின்ற அந்த நாட்களில் பல்லைப் பற்றி யார் நினைத்தோம்? அந்தக் கவலையீனம் பஹ்ரெயினுக்கும் எம்மோடு கூடவே வந்துவிட்டது.

சித்ரா பகுதியில் இரவு வேலை. நித்திரை வராதிருக்கச் சீனி கூடிய கரக் தேநீர் நாலைந்து தரம். விடியத் திரும்பி வந்து பல் விளக்காமலே படுக்கை. விளக்கும் நாட்களில் துப்பலில் இரத்தம் கலந்து வரும். பிறஷ் குத்திவிட்டதாக்கும் என்று அந்தப் பக்கம் விளக்குவதையே விட்டோம். அதுதான் பெரிய பிழை. பிறகு வாய் நாறத் தொடங்கியது. மனைவி சொல்லியும் கேளாமல் ஏலக்காய் மென்று சமாளித்தோம். கடைவாய்ப் பல் ஆடியபோது கராம்பும் பனடோலும். ஒருநாள் கன்னம் வீங்கிக் காய்ச்சலும் வந்தது. இரண்டு பற்களைப் பிடுங்க வேண்டியதாயிற்று. மூன்று நாள் சம்பளமும் போனது. வேலை விசாவில் இருக்கும் எமக்கு அது சின்ன விடயமா?

"எவ்வளவு காலமாக இரத்தம் வருகிறது?" என்று பல் வைத்தியர் கேட்டார். இரண்டு வருடம் என்றோம். "அப்போதே வந்திருந்தால் சுத்தம் செய்வதோடு முடிந்திருக்கும்" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். பல்லில் படியும் அழுக்கில் கிருமிகள் பெருகும். அகற்றாவிட்டால் அது சில நாட்களிலேயே கல்லாக இறுகத் தொடங்கும். பிறகு பிறஷால் போகாது, வைத்தியர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்டினால் பல் ஆடும் என்று நம்மவர்கள் சொல்வது சரியல்ல. பல்லை ஆடவைப்பது அந்தக் கல்லால் வரும் நோயே.

ஆகவே இவற்றைக் கவனியுங்கள்:

* விளக்கும்போது இரத்தம் வருதல், முரசு சிவந்து வீங்குதல். சிலருக்கு முரசு இயற்கையாகவே கறுப்பாயிருக்கும், அது நோயல்ல.
* மாறாத வாய் நாற்றம்.
* முரசு கீழிறங்கிப் பல் நீண்டது போலத் தெரிதல், பல் ஆடுதல், சீழ்.
* குளிர், இனிப்புப் பட்டால் கூசுதல்.
* இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படை, வாய் திறக்கக் கஷ்டம். வெற்றிலை பாக்கு, புகையிலை போடுவோர் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

புகைப்பவர்களுக்கு நோய் இருந்தும் இரத்தம் குறைவாக வரலாம். நீரிழிவுக்காரருக்கு முரசு நோய் கடுமையாகும். முகம், கழுத்து வீங்கிக் காய்ச்சலோ விழுங்கக் கஷ்டமோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிள்ளைகளின் உதட்டை மாதம் ஒருமுறை உயர்த்திப் பாருங்கள். முரசோரமாகப் பல்லில் சுண்ணாம்பு போல வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சூத்தையின் ஆரம்பம். நோவு இருக்காது. எங்கள் மகளுக்கு அப்படிக் கண்டு உடனே காட்டினோம், பல் தப்பியது. பால் போத்தலோடு நித்திரையாக்குவதை அன்றோடு நிறுத்தினோம்.

புளோரைட் உள்ள பற்பசையால் காலையிலும் படுக்குமுன்னும் இரண்டு நிமிடம் விளக்குங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஓர் அரிசி அளவு பசை போதும். இரத்தம் வரும் இடத்தை விடாமல் மெதுவாக விளக்குங்கள். ஊரில் வேப்பங்குச்சி போல இங்கே மிஸ்வாக் குச்சி விற்கிறது. அதுவும் நல்லதே, ஆனால் பல் இடுக்கெல்லாம் படவேண்டும்.

நோவு வந்த பின் ஓடுவதை விட, இரத்தம் கண்டவுடன் போவது செலவும் குறைவு, பல்லும் மிஞ்சும். நாம் இழந்த இரண்டும் திரும்பி வரா. உங்களுடையதைக் காத்துக்கொள்ளுங்கள்.