பலகை ஒன்று, பணி பல

ஒரு கருவி பல தொழில்களை ஓரளவு செய்தல் நன்றோ, ஒரு தொழிலையே செவ்வனே செய்தல் நன்றோ என்னும் வினா இன்று நேற்றுப் பிறந்ததன்று. எம் அடுக்களைகளை நோக்கினாலே இது விளங்கும். இடியப்ப உரல் இடியப்பம் பிழிவதற்கன்றி வேறொன்றிற்கும் உதவாது. தேங்காய் துருவும் திருவலையும், பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியும் அத்தகையனவே. கத்தியோ மீன் வெட்டும், காய் நறுக்கும், தேங்காயும் உடைக்கும். ஆயினும், கத்தி இருக்கின்றது என்பதற்காகத் திருவலையை எவரும் வீசியெறிவதில்லை. மட்டக்களப்பு வாவியில் தொழில் செய்வோரும் இவ்வாறே. இறாலுக்கு ஒரு வலை, மீனுக்கு ஒரு வலை; வலைக்கண்ணின் அளவு மாறினால் அகப்படுவதும் மாறிவிடும்.

இந்தப் பழைய வினாவைப் புதிய கோலத்தில் எம்முன் கொணர்ந்து நிறுத்தியிருப்பது டப்லட் என வழங்கும் பலகைக் கணினியாகும். ஆண்டுதோறும் சாதாரண தரப் பெறுபேறுகள் வெளிவந்ததும், பெற்றோர் சிலர் எம்மைத் தேடி வருவதுண்டு. "சேர், பிள்ளைக்கு ஒரு டப் வாங்கிக் குடுத்தாக் காணுமா? புத்தகம், கமரா, றேடியோ எல்லாம் அதுக்குள்ளேயே கிடக்குதாமே?" என்று கேட்பர். கேட்பவரின் கையில் இருப்பது பெரும்பாலும் பல மாதச் சேமிப்பு. சில வேளைகளில் அடகு வைத்த நகையின் பணம். ஆகவே, இதற்கு விடை கூறுவது விளையாட்டான காரியமன்று.

2010 ஆம் ஆண்டு ஜனவரி 27 ஆந் திகதி, சான் பிரான்சிஸ்கோ நகரில், அப்பிள் நிறுவனத்தின் தலைவர் ஸ்டீவ் ஜொப்ஸ் ஐபேட் என்னும் கருவியை உலகுக்கு அறிமுகஞ் செய்தார். 9.7 அங்குலத் திரை. ஏறத்தாழ 680 கிராம் நிறை. ஒரு முறை மின்னேற்றினால் 10 மணித்தியாலம் இயங்கும் என்பது நிறுவனத்தாரின் கூற்று. தொலைபேசிக்கும் மடிக்கணினிக்கும் இடையில் மூன்றாவதொரு கருவிக்கு இடம் வேண்டுமாயின், சில வேலைகளையேனும் அது அவ்விரண்டினும் சிறப்பாகச் செய்தல் வேண்டும் என்பது அன்று அவரே வகுத்த அளவுகோல். அந்த அளவுகோலையே நாமும் கையில் எடுத்துக்கொள்வோம்.

பலதொழிற் கருவியின் வலிமையை எவரும் குறைத்து மதிப்பிடல் ஆகாது. பாட்டுக் கேட்பதற்கென்றே 2001 ஆம் ஆண்டு தோன்றி, உலகமெங்கும் புகழ்பெற்ற ஐபொட் என்னும் சிறு கருவியை, அதனைப் படைத்த அப்பிள் நிறுவனமே 2022 மே மாதம் முடிவுக்குக் கொண்டுவந்தது. தொலைபேசியே பாட்டுப்பெட்டியாகிவிட்ட பின்னர் அதனை வாங்குவார் யார்? கமராவின் கதையும் இதுவே. யப்பானியக் கமரா உற்பத்தியாளர் கணக்கின்படி 2010 ஆம் ஆண்டில் 12 கோடிக்கு மேற்பட்ட எண்ணிமக் கமராக்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. 2022 இல் அத்தொகை ஏறக்குறைய 80 இலட்சமாகச் சுருங்கிவிட்டது. சட்டைப்பையிற் கொண்டுசெல்லும் மலிவான கமராக்களே பெரிதும் மடிந்தன. பெரிய வில்லையும், ஒளியை மிகுதியாக ஏற்கும் அகன்ற உணரியும் உடைய கமராக்கள் இன்னும் நிலைத்து நிற்கின்றன. கலியாண வீட்டுப் படப்பிடிப்பாளர் எவரும் பலகைக் கணினியோடு வந்து மணவறை முன் நிற்பதில்லை அன்றோ?

இதிலிருந்து ஒன்று தெரிகின்றது. தன் தொழிலைச் சுமாராகச் செய்த தனிக்கருவியைப் பலதொழிற் கருவி விழுங்கிவிடும்; மிக நன்றாகச் செய்த தனிக்கருவியை அதனால் விழுங்க முடிவதில்லை.

வாசிப்புக்கு வருவோம். 2007 நவம்பரில் அமேசன் நிறுவனம் வெளியிட்ட கிண்டில் என்னும் வாசிப்புக் கருவி, நூல் படிப்பதற்கென்றே ஆக்கப்பட்டது. அதன் திரையினுள் மிக நுண்ணிய குமிழிகள் பல உள. அவற்றினுள் வெண்துகளும் கருந்துகளும் மிதக்கின்றன. மின்னூட்டத்தால் வேண்டிய துகள்கள் மேலெழுந்து எழுத்தாகத் தோன்றும். தோன்றியபின், பக்கத்தைப் புரட்டும்வரை மின்சாரமின்றியே நிற்கும். ஒருமுறை மின்னேற்றினால் அது நாட்கணக்கில் உழைப்பதன் காரணம் இதுவே. பலகைக் கணினியின் திரையோ தானே ஒளி வீசுவது. வாவிக்கரை வெயிலில் அதனைப் பிடித்தால், எழுத்துக்குப் பதிலாக எம் முகமே அதிற் தெரிகின்றது. எமது இல்லத்தில் இவ்விரண்டும் உள. நீண்ட நாவலொன்றைத் திண்ணையில் இருந்து படிப்பதற்கு நாம் நாடுவது வாசிப்புக் கருவியையே.

ஆனால், எப்போதும் அதுவே வெல்லும் என்று எண்ணற்க. 'நூலகம்' என்னும் இணைய நூலகம் 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும், சஞ்சிகைகளையும், பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, எவரும் இலவசமாகப் படிக்க வைத்துள்ளது. அத்தகைய பழைய பக்கமொன்றை 6 அங்குல வாசிப்புக் கருவியில் திறந்தால், எழுத்துகள் எறும்பு வரிசையாகிவிடும். பலகைக் கணினியிலோ விரலால் விரித்துப் பெரிதாக்கி, மங்கிய எழுத்தையும் தெளிவாகப் படிக்கலாம். முன்னாளில் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பயணஞ் செய்து தேடவேண்டியிருந்த நூல்கள் பல, இன்று படுவான்கரைக் கிராமத்து மாணவியின் மடிமீது விரிகின்றன. இதனை அற்பமான பேறு என்று யார் கூற வல்லார்?

எனினும், ஆசிரியராகிய எமக்கு ஒரு கவலை உண்டு. 2020 மார்ச் மாதம் கொள்ளைநோயால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, தொலைபேசியும் பலகைக் கணினியுமே எம் வகுப்பறைகள் ஆயின. அவை இல்லாதிருந்தால் பிள்ளைகளின் படிப்பு அடியோடு நின்றிருக்கும். ஆயினும், பாடம் நடத்திக்கொண்டிருக்கையில் பிள்ளை எங்கிருக்கின்றான் என்று எமக்குத் தெரிந்ததில்லை. பௌதிகம் படிக்கும் அதே திரையில் விளையாட்டு இருக்கின்றது. நண்பனின் செய்தி மணியடிக்கின்றது. சினிமாப் பாட்டு அழைக்கின்றது. அச்சிட்ட பாடநூல் யாரையும் அழைப்பதில்லை. ஒன்றையே செய்யும் பொருளுக்கு இயல்பாக அமைந்த நற்குணம் இது. அது தன்னால் இயலாதவற்றின் மூலமாகவும் எமக்கு உதவி செய்கின்றது. வீணை பயிலும் எம் மகள், சுருதிக்காகப் பலகைக் கணினியைத் திறந்தால் பயிற்சி அரைமணியில் முடிந்துவிடும். பழைய சுருதிப்பெட்டியை வைத்தால் ஒரு மணித்தியாலம் நீளும். சுருதியில் பிழை ஒன்றுமில்லை. இடையிடையே திரையில் வந்து எட்டிப்பார்க்கும் செய்திகளே பயிற்சியை வெட்டிவிடுகின்றன.

இன்னொன்றையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். பல கருவிகள் ஒன்றனுள் அடங்கினால், அவ்வொன்று கெட்டபோது எல்லாம் ஒருங்கே கெட்டுவிடும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்களை மறந்தவர் யார்? பலகைக் கணினியின் உயிர் பிரிந்ததும் புத்தகம், கடிகாரம், றேடியோ, விளக்கு யாவும் ஒரே நொடியில் இருண்டன. சிறிய பற்றரியில் இயங்கும் றேடியோ மட்டும் மேசைமீது பேசிக்கொண்டிருந்தது. 1978 நவம்பர் 23 ஆந் திகதிச் சூறாவளியைக் கண்ட எம் ஊர் முதியோர், வீட்டில் ஒரு றேடியோவும் கைவிளக்கும் தனியே இருத்தல் வேண்டும் என்று இன்றும் வற்புறுத்துவர். அது பழமைப் பித்தன்று, பட்டறிவு.

இவ்விடயத்தில் எம்மைப் பெரிதும் சிந்திக்க வைத்தவர், கடற்றொழில் செய்யும் ஒரு தந்தையாவார். அவருடைய மகன் எம்மிடம் உயர்தரம் படித்தவன். தோணியில் திசையும் இடமும் காட்டும் அவரது ஜி.பி.எஸ். கருவி பழுதாகிவிட்டது. கையில் இருந்த பணமோ ஒரு பொருளுக்கே போதுமானது. "டப் வாங்கினால் எனக்குப் படிப்பு, வாப்பாடு, கணக்கு எல்லாம் ஆகும், அப்பாவுக்கு வழியும் காட்டும்" என்பது மகனின் வாதம். தந்தை எம்மிடம் தீர்ப்புக் கேட்டு வந்தார். மகன் கூறியதில் நியாயம் இல்லாமலில்லை. ஆகவே, எமது பலகைக் கணினியைக் கரைக்கு எடுத்துச் சென்று மூவருமாகப் பரீட்சித்தோம். நண்பகல் வெயிலில் திரையிற் படம் தெரியவில்லை. கடல்நீர் நனைந்த விரலால் தந்தை தொட்டபோது, அது தொட்ட இடத்தை விட்டு வேறிடத்துக்குத் தாவியது. இத்திரைகள் விரலால் உண்டாகும் மின்மாற்றத்தை உணர்ந்தே இயங்குவன. உப்புநீரும் மின்னைக் கடத்துமாதலின், எது விரல், எது நீர் என்று அறியாது மயங்குகின்றன. அன்றியும், விலை குறைந்த பலகைக் கணினிகள் சிலவற்றிலும், சிம் அட்டை இட இயலாத ஐபேட் வகைகளிலும் ஜி.பி.எஸ். ஏற்பியே இருப்பதில்லை.

தந்தை சிரித்துக்கொண்டு, "சேர், பிள்ளைட பெட்டி உலகத்தையே காட்டும். எனக்குக் கரையைக் காட்டினாக் காணும்" என்றார்.

பணம் ஜி.பி.எஸ். கருவிக்கே சென்றது. மகனின் முகம் வாடியதை நாம் கண்டோம்; அவனுடைய தேவையும் மெய்யானதே. 11 ஆந் தரம் வரை அரசு பாடநூல்களை இலவசமாக வழங்குகின்றது. உயர்தர மாணவர்க்கு அந்த வாய்ப்பு இல்லை. எனவே, கிழமையில் இரண்டு நாள் பாடசாலை விட்டபின் எமது பலகைக் கணினியை அவனிடம் கொடுத்தோம். வகுப்பறையில் இருந்தே படித்து, தேவையானவற்றைக் கொப்பியில் எழுதிக்கொண்டு செல்வான். அடுத்த ஆண்டு அவர்கள் வீட்டிலும் ஒருவர் பாவித்த பலகைக் கணினியொன்று வந்து சேர்ந்தது. கரையும் தப்பியது, கல்வியும் தப்பியது. ஆனால், எது முந்தியது என்பதில்தான் அன்று ஒரு குடும்பத்தின் உயிர் இருந்தது.

தனிக்கருவிகள் மறைவதைப் பற்றிப் பேசுகையில், எம் பிரதேசத்தவர் சுவாமி விபுலாநந்தரை நினையாதிருத்தல் இயலாது. காரைதீவில் 1892 இற் பிறந்த அடிகள், பல்லாண்டு ஆராய்ந்து எழுதிய 'யாழ் நூல்' 1947 யூன் மாதம் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். இருபத்தொரு நரம்புடைய பேரியாழ் முதல் ஏழு நரம்புடைய செங்கோட்டியாழ் வரை பழந்தமிழர் பலவகை யாழ்களைக் கையாண்டனர். யாழில் ஒரு நரம்பு ஒரு சுரத்தையே ஒலிக்கும். மெட்டுகள் பூட்டிய வீணையிலோ ஒரே தந்தி பல சுரங்களை இசைக்கும். வீணை மேலோங்கியது, யாழ் வழக்கொழிந்தது. அது எவ்வளவு முற்றாக ஒழிந்தது எனின், அதன் வடிவத்தையும் சுரமுறையையும் பழைய நூல்களிலிருந்தும் கணித முறையாலும் மீட்டெடுக்க ஒரு பேரறிஞர் பல்லாண்டுகளைச் செலவிட வேண்டியிருந்தது. வீணையை நாம் குறைகூறவில்லை. எம் மகள் பயில்வதும் அதுவே. வசதியானது வருகின்றபோது, பழையதில் எதை இழக்கின்றோம் என்று ஒருவரேனும் கணக்கெடுத்து வைத்திருப்பின் நன்றாயிருந்திருக்கும் என்றே கூறுகின்றோம்.

ஆகவே, பெற்றோர்க்கும் மாணவர்க்கும் நாம் கூறும் விடை இது. பலகைக் கணினி தனிக்கருவிகளுக்கு ஈடாகுமோ எனின், பலவற்றுக்கு ஆகும். வசதி குறைந்த வீட்டுக்கு அது ஒரு நூல்நிலையமாகவே அமையும். வாங்க இயன்றவர் வாங்குக. ஆனால், வாங்குமுன் ஒவ்வொரு கருவியையும் பற்றி ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: இது நேரத்துக்கு உதவாது போனால் எமக்கு நேரும் இழப்பு யாது? ஒரு படம் சற்று மங்கலாகும், ஒரு பாட்டுத் தவறும் என்றால், கவலையின்றி அதனைப் பலகைக் கணினியிடம் ஒப்படைத்துவிடலாம். உயிரோ, பரீட்சையோ, நெடுநாட் பயின்று கைவரவேண்டிய கலையோ அதில் தங்கியிருப்பின், அதற்கெனத் தனியே ஒரு கருவி வீட்டில் இருக்கட்டும். தோணிக்கு ஜி.பி.எஸ்., மழைக்கால இரவுக்குக் கைவிளக்கும் றேடியோவும், பரீட்சை மண்டபத்துக்கு ஒரு சாதாரணக் கைக்கடிகாரம், படிக்கும் மேசைக்கு ஓர் அச்சிட்ட நூல் — இவற்றின் விலை பெரிதன்று. பலகைக் கணினி வந்த மகிழ்ச்சியில் இவற்றைப் பழைய சாமானோடு சேர்த்து எவருக்கும் எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.